குரங்கைச் ‘சரணாலயத்தில் விட்டுடலாம்’ என்கிறார்களே, அது எப்படிப்பட்ட இடம்?

போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி. நாலாவது மாடியில் ஒரு வீட்டுக்குள் குரங்கு புகுந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, திராட்சையைத் தின்றுவிட்டு, தோசை மாவுப் பாத்திரத்தைத் தரையில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது. போகும்போது ஃபிரிட்ஜ் கதவை மூடவில்லை என்பதில்தான் அந்த வீட்டு அம்மாவுக்கு அதிகக் கோபம். நாங்கள் இருப்பது பெங்களூரில் பன்னேர்கட்டா சாலை. அதனால் யோசனையும் உடனே வந்துவிட்டது: “பக்கத்துலதானே பன்னேர்கட்டா இருக்கு? பிடிச்சு சரணாலயத்துல விட்டுடலாமே!” பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

நான் நிபுணன் இல்லை. நகருக்கு வெளியே ஒரு விலங்கு மீட்பு மையத்தில் சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் காய்கறி நறுக்கப் போனவன், அவ்வளவுதான். ஆனால் அங்கே பார்த்ததற்கும் வெளியே பேசிக்கொள்வதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரே பெயர், நாலு இடம்

‘சரணாலயம்’ என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. கிளினிக், பெரிய ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் மூன்றையும் ‘ஆஸ்பத்திரி’ என்றே சொன்னால் எப்படி இருக்கும்? இதுவும் அப்படித்தான்.

பன்னேர்கட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அது காடு, யானை நடமாடும் இடம். அதிலிருந்து 2002-ல் ஒரு பகுதியைப் பிரித்து உயிரியல் பூங்கா ஆக்கினார்கள். நாம் டிக்கெட் வாங்கி சஃபாரி போவது அங்கேதான். அப்புறம், தெருவில் ஆட்டம் காட்டப்பட்ட கரடிகளை மீட்டு வைத்திருக்கும் மையம் ஒன்று. சர்க்கஸிலிருந்து வந்த சிங்கம் புலிகளுக்கான மையம் இன்னொன்று. பெயர் ஒன்று, நாலுக்கும் வேலை வேறு.

சட்டப்படி வனவிலங்கு சரணாலயம் என்பது ஒரு நிலப்பரப்பு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு அறிவிப்பது. தமிழ்நாடு அரசு 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் சுமார் 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது நினைவிருக்கலாம். அங்கே தேவாங்குக்கு யாரும் சாப்பாடு வைப்பதில்லை. கூண்டும் கிடையாது. ஏற்கெனவே அந்தக் காட்டில் வாழ்கிற தேவாங்கை அதன் பாட்டுக்கு இருக்க விடுவதுதான் ஏற்பாடு.

நாம் பேசப்போவது வேறு ஓர் இடத்தைப் பற்றி. காட்டுக்குத் திரும்ப முடியாத குரங்குகளைச் சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். இந்தக் கட்டுரையில் அதைக் ‘காப்பகம்’ என்று சொல்கிறேன். மிருகக்காட்சி சாலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே நாம் பார்ப்பதற்காக விலங்கு இருக்கிறது, இங்கே விலங்குக்காக மட்டுமே எல்லாம் இருக்கிறது. இருக்க வேண்டும்.

ஆக, சரணாலயம் நிலம், காப்பகம் வீடு. எங்கள் ஃபிரிட்ஜ் கொள்ளைக்காரருக்கு இரண்டிலும் இடம் இல்லை. அவர் ஊர்க்குரங்கு, உடம்பு நன்றாக இருக்கிறது, குடும்பமும் இருக்கிறது.

பிடித்துக்கொண்டுபோய் விட்டால்தான் என்ன?

டெல்லி இதைச் செய்து பார்த்தது. 2007-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நகரத்துக் குரங்குகளைப் பிடித்து, தெற்கு எல்லையில் பழைய சுரங்கப் பகுதியான அசோலா பட்டி சரணாலயத்தில் விடத் தொடங்கினார்கள். வருடக்கணக்கில், ஆயிரம் ஆயிரமாக. காட்டில் தின்ன எதுவும் போதாது என்பதால் பழமும் காய்கறியும் வண்டியில் போயின. ஆனாலும் குரங்குகள் பக்கத்து ஊர்களுக்கு வந்துகொண்டே இருந்தன; டெல்லியிலும் குரங்குத் தொல்லை தீர்ந்தபாடில்லை.

காரணம் எளிது. குரங்கைத்தான் அகற்றினார்கள், குப்பைத் தொட்டியையும் கோயில் வாசலில் வைக்கும் வாழைப்பழத்தையும் அகற்றவில்லை. பெங்களூரில் நல்ல ஏரியாவில் ஒரு வீடு காலியானால் எத்தனை நாள் காலியாகக் கிடக்கும்? அதே கதைதான். ஒரு கூட்டம் போனால் அடுத்தது குடிவருகிறது.

அப்படியானால் காப்பகத்துக்கு யார்தான் வருகிறார்கள்? மின்கம்பியில் கை கருகியது, குட்டியிலிருந்தே வீட்டில் சங்கிலி போட்டு வளர்க்கப்பட்டு, குரங்கு பாஷையே தெரியாமல் போனது, வித்தை காட்டியவரிடமிருந்து பறிமுதலானது. குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2001-ல் அதை உறுதி செய்தது. தடை போடுவது ஒரு நாள் வேலை. தடை போட்ட பிறகு அந்த விலங்கை எங்கே வைப்பது என்பது இருபது வருட வேலை. நாட்டுக் குரங்கு, அதாவது தலையில் நடுவகிடு எடுத்தது போல முடி விழும் நம் தென்னிந்தியக் குரங்கு, நல்ல பராமரிப்பில் 25, 30 வயது வரைகூட வாழும்.

கூட்டுக்குடும்பத்தில் புது ஆள்

இனி உள்ளே போவோம். காப்பகத்தில் முதல் கேள்வி கூண்டு எத்தனை அடி என்பது இல்லை, யாரோடு யாரை வைப்பது என்பதுதான்.

மக்காக் என்ற வகையில் வரும் குரங்குகளில் (நாட்டுக் குரங்கு, வட இந்தியாவின் செம்முகக் குரங்கு, சோலைமந்தி எல்லாம் இதில் அடக்கம்) பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுசு முழுக்க இருக்கும். வயதுக்கு வந்த கடுவன்தான் வெளியூர் போகும். நம் வழக்கத்துக்கு நேர்மாறு. தாயின் அந்தஸ்து மகளுக்கு வரும். செம்முகக் குரங்கில் இன்னும் வேடிக்கை: அக்காக்களைவிடக் கடைக்குட்டிக்குத்தான் உயர்ந்த இடம். யார் யாருக்கு வழிவிட வேண்டும், யார் முதலில் சாப்பிடலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்குள் புதிதாக ஒன்றைத் திடீரென்று இறக்கினால் கடிபட்டுச் சாகும். அதனால் பெண் பார்க்கும் படலம் போலப் படிப்படியாகச் செய்வார்கள். முதலில் தள்ளி வைத்து, குரல் மட்டும் கேட்கும். அப்புறம் கம்பி வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். வலை வழியே ஒன்றுக்கொன்று பேன் பார்க்கத் தொடங்கினால் நல்ல சகுனம். பிறகுதான் சாதுவான ஒன்றிரண்டோடு கதவைத் திறப்பது. நான் போய்வந்த இடத்தில் ஒரு பெண் குரங்குக்கு இது நாலு மாதம் எடுத்தது.

தனியாக வைப்பதுதான் இதில் ஆகக் கெட்டது. சின்னக் காயத்துக்கெல்லாம் பிரித்து எடுத்து வைத்துக் கட்டுப்போட மாட்டார்கள். ‘குரங்குப் புண் ஆறாது’ என்று நாம் சொல்லிக்கொண்டாலும், கூட்டத்திலேயே விட்டால் பெரும்பாலான புண்கள் ஆறிவிடுகின்றன. பிரித்து வைத்துவிட்டுத் திரும்பச் சேர்க்கப் போனால்தான் புதுப் புண் வரும்.

கூண்டு: நீளத்தைவிட உயரம்

பயந்த மனிதன் வெளியே ஓடுவான். பயந்த குரங்கு மேலே ஓடும். அதனால் தரைப் பரப்பைவிட உயரம் முக்கியம், உயரத்தில் உட்கார எத்தனை இடம் என்பது அதைவிட முக்கியம். ஒரே ஒரு உச்சாணிக் கிளை இருந்தால் அது தலைவனுக்கு. மற்றவை தரையில் நடுங்கும்.

முட்டுச்சந்து இருக்கக் கூடாது. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழி வேண்டும், துரத்தப்படுவது தப்பித்துப் போக. நடுவே மூங்கில் தட்டியோ சாக்கோ கட்டி ஒன்றின் பார்வையிலிருந்து மற்றது ஒளிய இடம் வேண்டும். கீப்பர் நுழையும் இடத்தில் இரட்டைக் கதவு: ஒன்று பூட்டிய பிறகுதான் அடுத்தது திறக்கும். ஐடி கம்பெனி வாசலில் அட்டையைத் தேய்த்தால் ஒரு கதவுக்குப் பின் இன்னொன்று திறக்குமே, அதே தத்துவம்தான். இங்கே மட்டும் உள்ளே இருப்பவர்களுக்கு நம்மைவிடக் கை வேகம் அதிகம்.

சாப்பாடு: பந்தி போடும் விதம்

குரங்கென்றால் வாழைப்பழம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. கடையில் வாங்கும் பழம் மனிதனுக்காக இனிப்பேற்றி வளர்க்கப்பட்டது; காட்டுப் பழத்தில் சர்க்கரை குறைவு, நார் அதிகம். இங்கிலாந்தின் பெய்ன்டன் மிருகக்காட்சி சாலை குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியது 2014-ல் செய்தியானது. கொழுப்பும் சர்க்கரை நோயும் குரங்குக்கும் வரும், பல்லும் போகும்.

சாம்பல் நிற உடம்பும் கரிய முகமுமாக இருக்கும் அனுமன் குரங்கின் வயிறு வேறு மாதிரி. மாட்டைப் போலப் பல அறைகள் கொண்டது; உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைத்துச் சீரணிக்கின்றன. அதற்குப் போய் பன்னும் பிஸ்கட்டும் போட்டால் வயிறு புளித்து உப்பிவிடும். கோயில் வாசலில் நாம் புண்ணியம் என்று செய்வது இதைத்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, எங்கள் அம்மா உட்பட.

நான் பார்த்த காப்பகத்தில் கீப்பர் ஒரு கிருஷ்ணகிரிக்காரர். பீன்ஸ், கேரட், பூசணி, முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை எல்லாவற்றையும் எடை போட்டு, என்னை விரல் நுனி அளவுக்கு நறுக்கச் சொல்வார். “பெருசா வெட்டினா ரெண்டு கையிலயும் தூக்கிட்டு ஓடிருவான் சார்.” அடைப்பில் ஒன்பது குரங்குகள், அவர் சாப்பாடு வைத்ததோ பதினாலு இடத்தில். ஏன் என்று கேட்டேன். “தலைவர் ஒரு இடத்துலதானே உக்காருவாரு? மத்தவங்க மிச்சத்துல சாப்பிடணும்ல.” கல்யாணப் பந்தியில் ஒரே ஒரு வாளி சாம்பார் வந்தால் கடைசி இலைக்கு என்ன கிடைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இதுவரை: கூட்டம் சரியாக அமைய வேண்டும், ஓடி ஒளிய இடம் வேண்டும், கடைசிக் குரங்குக்கும் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஒரு குரங்கு கெட்டுப்போகலாம். எப்படி என்பதுதான் அடுத்தது.

வேலையில்லாத மூளை

காட்டில் குரங்கின் பகல் பெரும்பாலும் சாப்பாடு தேடுவதிலும் நடப்பதிலும் பேன் பார்ப்பதிலும் கழிகிறது. கூண்டில் தட்டு வந்ததும் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். கன்னப் பையில் வேறு அடைத்துக்கொள்ளும். மீதி நாள்? ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் நாம் இருந்த நிலைதான். நமக்காவது செல்போன் இருந்தது.

அப்போது வருவதற்குப் பெயர் ஸ்டீரியோடிப்பி. பயன் ஏதும் இல்லாத ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது: முன்னும் பின்னும் ஆடுவது, கூண்டின் ஓரமாக எட்டுப் போட்டு நடப்பது, தன் கையைத் தானே கடிப்பது. தாயில்லாமல் தனியே வளர்ந்ததில் இது அதிகம். 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் செம்முகக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்துப் பார்த்தார். பாலுக்கு அப்பால் அணைப்பு ஒன்று தேவைப்படுகிறது என்று அந்தச் சோதனைகள் காட்டின. தனிமையில் வளர்ந்தவை மூலையில் குறுகி ஆடிக்கொண்டே இருந்தன. அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு குட்டிகளைப் படுத்தியிருக்க வேண்டுமா என்பது என் கேள்வி. இந்தியா செம்முகக் குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது 1978-ல்தான்.

அந்தக் காப்பகத்தில் வித்தைக்காரரிடமிருந்து வந்த கிழக் கடுவன் ஒன்று இருந்தது. இடுப்பைச் சுற்றி பெல்ட் தேய்ந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை. எங்கே உட்காரப் போனாலும் முதலில் இடப்பக்கமாக ஒரு வட்டம் சுற்றும். நடந்து, திரும்பி, அதே அளவு, அதே வட்டம். கீப்பர் ஒருநாள் கையை விரித்து அந்த வட்டத்தின் அளவைக் காட்டினார்: “இவ்வளவுதான் சார் அதோட கயிறு.” கயிறு அவிழ்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

இதற்கான வைத்தியம் செறிவூட்டல். விலங்கின் நாளை அதன் இயல்பான வேலையால் நிரப்புவது என்று பொருள். பொம்மை வாங்கிப் போடுவது இல்லை. பொம்மை மூன்றாம் நாள் சலித்துவிடும். வைக்கோலுக்குள் கடலையை விதைத்து விடுவார்கள். மூங்கில் குழாயில் துளை போட்டு, ராகியில் வெல்லம் கொஞ்சம் பிசைந்து உள்ளே அப்புவார்கள். குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். புளியங்கிளையை அப்படியே இலையோடு வெட்டிப் போடுவார்கள். எதுவும் தினமும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் இருக்காது. பத்து நிமிடச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் ஆக்குவதுதான் நோக்கம்.

பழக்குவதும் இதில் சேரும். வித்தைக்குப் பழக்குவது அல்ல. வலைக்கு வெளியே கையை நீட்டினால் ஒரு திராட்சை, நீட்டியபடியே வைத்திருந்தால் இன்னொன்று. மாதக்கணக்கில் இப்படிச் செய்தால் ஊசி போடக் குரங்கே கையை நீட்டும். நாலு பேர் வலைபோட்டு அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வராத குரங்கை அடிப்பதோ பட்டினி போடுவதோ கூடாது, வராதது அதன் உரிமை.

தொடாதே என்பது ஏன்?

பார்வையாளர் குரங்கைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஓர் இடம் விளம்பரம் செய்தால், அது நல்ல காப்பகம் இல்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

நமக்கும் அவற்றுக்கும் உடம்பு நெருக்கம், நோயும் நெருக்கம். காசநோயும் தட்டம்மையும் நம்மிடமிருந்து குரங்குக்குப் போகும். அங்கிருந்து இங்கே வருவதும் உண்டு: வெறிநோய் ஒன்று, மக்காக் குரங்குகள் உடம்பில் சுமந்திருக்கும் பி வைரஸ் இன்னொன்று. பி வைரஸ் மனிதருக்கு வருவது மிக அரிது. வந்து சிகிச்சை தாமதமானால் மூளையைத் தாக்கிக் கொல்லும். அதனால்தான் குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். மஞ்சள் அப்பிவிட்டு உட்காரக் கூடாது.

கர்நாடகத்தில் இருப்பவர்களுக்கு ‘மங்கன காயிலே’ என்ற குரங்குக் காய்ச்சல் தெரிந்திருக்கும். 1957-ல் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதைப் பரப்புவது உண்ணி. குரங்கு நம்மைப் போலவே அதில் பாதிக்கப்படுவது. பெயரை வைத்துப் பழி மட்டும் அதன் மேல் விழுந்துவிட்டது.

புதிதாக வரும் குரங்கைக் குறைந்தது ஒரு மாதமாவது தனி இடத்தில் வைத்துக் காசநோய்ப் பரிசோதனை, குடற்புழுப் பரிசோதனை எல்லாம் செய்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு குவாரண்டைன் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்கும் கீப்பருக்குத் தனிச் செருப்பு, தனி வாளி. சளி பிடித்த கீப்பருக்கு அன்று சமையலறையிலும் வேலை இல்லை.

குட்டி பிறக்கக் கூடாதா?

கேட்பவர்களுக்கு இது கொடுமையாகப் படும். ஆனால் காட்டுக்குத் திரும்பாத குரங்குக்குப் பிறக்கும் குட்டியும் காட்டுக்குப் போகாது. இன்னும் முப்பது வருடம் அதே இடத்தை, அதே சாப்பாட்டைப் பங்கு கேட்கும். நாளைக்குக் கம்பியில் அடிபட்டு வரும் குரங்குக்கு இடம் இருக்காது. வண்டலூரில் சோலைமந்தியைப் பெருக்குவது வேறு கணக்கு, அது அருகிவரும் இனத்துக்கான இனப்பெருக்கத் திட்டம். காப்பகத்தில் கடுவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடுதான், அதாவது விந்துநாளத்தை மட்டும் கட்டிவிடுவது. ஹார்மோன் அப்படியே இருப்பதால் கூட்டத்தில் அதன் இடமும் மாறாது.

குட்டி படம் போட்டால் நன்கொடை குவியும் என்பது எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் புதுக் குட்டி காட்டும் இடத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

நோட்டுப் புத்தகம்

அன்பான மனசு இருந்தால் காப்பகம் நடத்தலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் மீட்பு மையமும் சட்டப்படி மிருகக்காட்சி சாலை என்ற வரையறைக்குள் வருகிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்த முடியாது. 1992-ல் அமைந்த ஆணையம் அது. இதற்கு மேல், 2007-ல் தொடங்கிய விலங்குக் காப்பகங்களின் உலகக் கூட்டமைப்பு தானாக முன்வரும் காப்பகங்களைச் சோதித்துச் சான்று தருகிறது. விற்பது, வேடிக்கைக்கு வெளியே கொண்டுபோவது, பார்வையாளரைத் தொடவிடுவது எதற்கும் அதில் இடமில்லை. நடத்துபவர் நாளைக்கே இறந்துபோனால் விலங்குகளின் கதி என்ன என்பதற்கும் எழுத்தில் பதில் கேட்பார்கள்.

ஆனால் ஓர் இடம் எப்படி நடக்கிறது என்று தெரிய நான் பார்ப்பது கீப்பரின் நோட்டை. ஒவ்வொரு குரங்குக்கும் தனிப் பக்கம்: எடை, சாப்பிட்டது, மீதி வைத்தது, மலம் எப்படி, யாரோடு சண்டை. குரங்கு நோயை மறைக்கும். கூட்டத்தில் பலவீனம் தெரிந்தால் இடம் போய்விடும் என்பதால். இரண்டு நாள் பயறு மிச்சம் என்ற ஒரு வரிதான் முதல் அறிகுறியாக இருக்கும். கிழக் கடுவனின் பக்கத்தில் தினமும் ஓர் எண் இருந்தது. என்னவென்று கேட்டேன். எத்தனை வட்டம் சுற்றியது என்ற கணக்கு. முதல் நோட்டில் ஒரு காலைப் பொழுதுக்கு நாற்பதுக்குக் குறைந்ததே இல்லை. நான் கடைசியாகப் போனபோது ஏழு, ஒன்பது, ஏழு என்று இருந்தது. மூங்கில் குழாய் போட்ட நாளில் மூன்று.

இதில் பாதியையாவது அபார்ட்மென்ட் குழுவில் எழுதினேன். நாலு பேர் படித்திருப்பார்கள். கீழே ஒருவர், “சரி சார், அப்போ பால்கனிக்கு வலை போட சதுர அடிக்கு எவ்வளவு?” என்று கேட்டிருந்தார். குப்பைத் தொட்டிக்குப் பூட்டும் மூடியும் சேர்த்து விலை கேட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஆள் வருகிறார்.